ஓட்டிசமுள்ள பதின்ம வயதினர் (கோப்பாய்)

ஓட்டிசம் நோயன்று, மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு. 1943இல் மனநல மருத்துவர் லியோ கனர் 11 சிறுவர்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின்னரே மருத்துவ உலகம் இதைப் பரவலாகத் தனித்து நோக்கியது.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வளரும் ஓட்டிசமுள்ள பிள்ளைக்குப் பருத்தித்துறை வீதியின் பேருந்து ஹோர்னும் கோயில் ஒலிபெருக்கியும் திருவிழா வெடியும் உடல்வலியாகவே உறைக்கலாம். காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோவது அடங்காமை அல்ல. பெண்பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு இன்னும் பாரம்: பட்டுச்சேலை, நகை, வீடியோ வெளிச்சம், தொட்டுத் தொட்டுப் பேசும் உறவினர். நடக்கப்போவதை முன்கூட்டியே படங்களாகக் காட்டி, கூட்டத்தைக் குறைத்து நடத்தலாம். பிள்ளை விரும்பாவிடில் சடங்கையே கைவிடுவதும் குறையாகாது.

அருகிலுள்ள கோண்டாவிலில் ஆறு திருமுருகன் நிறுவிய சிவபூமிப் பாடசாலை சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. ஓட்டிசமுள்ள எல்லோருக்கும் தனிப் பாடசாலை தேவைப்படாது. பலர் சாதாரண வகுப்பிலிருந்தே க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தோற்றக்கூடியவர்கள். இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையங்களில் அனுமதி மறுப்பதை இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. இதைப் பெற்றோர் அறிந்திருப்பது மிக அவசியம்.