‘நெவேயா’ என்னும் பெயர்: பொருளும் பரவலும் குறித்த மறுவாசிப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2000ஆம் ஆண்டையொட்டித் தோன்றிப் பரவிய பெண்பெயர்களுள் ‘நெவேயா’ அளவுக்கு ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தவை மிகச் சிலவே. சொர்க்கம் என்று பொருள்படும் ‘ஹெவன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஆறு எழுத்துகளையும் கடைசியிலிருந்து முதலுக்கு எழுதினால் இப்பெயர் கிடைக்கிறது. இதன் பரவலுக்கு இதுகாறும் கூறப்பட்டுவரும் விளக்கம் இரு கூறுகளை உடையது: பி.ஓ.டி. என்ற கிறித்தவ ராக் இசைக்குழுவின் பாடகர் சன்னி சாண்டோவல், 2000ஆம் ஆண்டில் எம்டிவி தொலைக்காட்சியில் இப்பெயர் கொண்ட தம் கைக்குழந்தையுடன் தோன்றினார் என்பது ஒன்று. எழுத்துகளுக்குள் மறைந்திருந்த பக்திப் பொருள் பெற்றோரைக் கவர்ந்தது என்பது மற்றொன்று. நிகழ்ச்சி பெயரை அறிமுகப்படுத்தியது, பொருள் அதை நிலைநிறுத்தியது என்ற இந்த விளக்கத்தின் முதற்பகுதியை வரம்புக்குட்பட்டு ஏற்கலாம் என்றும், இரண்டாம் பகுதி சான்றுகளோடு பொருந்தவில்லை என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

இவ்வாதத்திற்கு அடிப்படையான ஒரே பெருஞ்சான்று, அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிடும் குழந்தைப் பெயர்ப் பட்டியலாகும். குழந்தைகளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கோரி அளிக்கப்படும் விண்ணப்பங்களிலிருந்து தொகுக்கப்படும் இப்பட்டியலைப் பயன்படுத்துவோர் அதன் மூன்று இயல்புகளை மனத்தில் கொள்ளவேண்டும். ஓர் ஆண்டில் ஐந்துக்கும் குறைவான குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்கள் தனியுரிமை கருதி விலக்கப்படுவதால், ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்பதைக் கொண்டு அது வழக்கிலேயே இல்லை என்று முடிவு செய்ய இயலாது. ஆண்டு முழுமைக்குமான தொகை மட்டுமே தரப்படுவதால், ஏற்றம் எந்த மாதத்தில் தொடங்கியது என்பதை அதிலிருந்து அறிய இயலாது. ஒரே பெயரின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்கள் தனித்தனிப் பெயர்களாகவே எண்ணப்படுகின்றன என்பது மூன்றாவது இயல்பு; முந்தைய ஆய்வுகள் ஒரு குறையாகக் கருதி ஒதுக்கிய இந்த இயல்பே, கீழே காட்டப்படவிருப்பதுபோல், மிகுந்த பயன் தருவதாகும்.

பட்டியலின்படி 1999இல் 8 பெண்குழந்தைகளும், 2000இல் 86 பேரும், 2001இல் 1,191 பேரும் இப்பெயரைப் பெற்றனர். இந்த மூன்று எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தே தொலைக்காட்சித் தோற்றம் முழுக்காரணமாக்கப்பட்டது. ஆனால் 1999இன் எட்டுக் குழந்தைகள் அத்தோற்றத்திற்கு முற்பட்டவர்கள். பிரபலங்களின் வீடுகளைச் சுற்றிக்காட்டுவதும் சாண்டோவல் தோன்றியதுமான ‘கிரிப்ஸ்’ என்ற எம்டிவி நிகழ்ச்சியே 2000 செப்டம்பரில்தான் தொடங்கியது என்பதால், அவ்வாண்டின் 86 குழந்தைகளுள் கணிசமானோர் அதற்கு முன்பே பிறந்திருக்க வாய்ப்புண்டு. மாதவாரிக் கணக்கு இல்லாத நிலையில் இதை உறுதியாகக் கூற இயலாதெனினும், எதிர்த்தரப்பின் கூற்றும் அதே அளவுக்கு உறுதியற்றதே. 2001இன் பதினான்கு மடங்கு ஏற்றத்தில் தொலைக்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. விளக்கம் வேண்டியிருப்பது அதற்குப் பின் நடந்ததே. 2005இல் 4,457 குழந்தைகளுடன் 70ஆம் இடத்தையும், 2007இல் 31ஆம் இடத்தையும், 2010இல் 25ஆம் இடத்தையும் இப்பெயர் எட்டியது. ஒரு நிகழ்ச்சியின் விளைவு பத்தாண்டுக் காலம் வளர்ந்துகொண்டே செல்வது பெயர் வரலாற்றில் இயல்பானதன்று. 1977இல் ‘ரூட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரால் திடீரென உயர்ந்த ‘கிஸி’ என்ற பெயர், தொடரின் தாக்கம் தணிந்ததும் வந்த வேகத்திலேயே சரிந்தது. நிகழ்ச்சியால் மட்டுமே வாழும் பெயரின் வரைகோட்டு வடிவம் அதுவே; நெவேயாவின் வரைகோடு அவ்வடிவத்தைப் பெறவில்லை.

நிலைத்த வளர்ச்சிக்குக் காரணம் பெயரின் பொருளே என்ற கருத்தைச் சோதிப்பதற்கு எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளே தக்க கருவி. இப்பெயரின் பொருள் அதன் ஓசையில் இல்லை. எழுத்து வரிசையில் மட்டுமே இருக்கிறது. ‘ஹெவன்’ என்ற சொல்லின் ஒலிகளைத் திருப்பினால் ‘நவெஹ்’ என்பதுபோன்ற ஒன்றுதான் கிடைக்குமேயன்றி, இரண்டாம் அசையில் அழுத்தமும் நெடிலும் பெற்று ஒலிக்கும் ‘நெவேயா’ கிடைக்காது. தமிழின் மாலைமாற்று, அதாவது முன்பின்னாக எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே அமையும் செய்யுள்வகை, உயிர்மெய்யை ஓர் அலகாகக் கொள்வதால் அங்கே எழுத்தும் ஓசையும் பெரிதும் இணைந்தே திரும்புகின்றன. ரோமன் எழுத்தில் உயிரும் மெய்யும் பிரிந்து நிற்பதாலும், ஆங்கில எழுத்துக்கும் ஒலிப்புக்கும் உள்ள உறவு தளர்ந்ததாலும், நெவேயாவைக் காதால் கேட்பவர் அதில் சொர்க்கத்தைக் காண வழியில்லை. ஆகவே பொருளையே முதன்மையாகக் கருதும் பெற்றோர் என்-இ-வி-ஏ-இ-எச் என்ற வரிசையைச் சிறிதும் பிறழாமல் பேணியிருக்கவேண்டும். ஓர் எழுத்து இடம் மாறினாலும் பொருள் அழிந்துவிடும்.

பட்டியல் காட்டுவதோ வேறு நிலையை. நான்காம், ஐந்தாம் எழுத்துகள் இடம் மாறிய என்-இ-வி-இ-ஏ-எச் என்ற வடிவம் பட்டியலில் தனிப்பெயராக இடம்பெற்றதோடு, நாட்டின் முதல் 1,000 பெண்பெயர்களுக்குள்ளும் நுழைந்தது. ஓசையை மட்டுமே பின்பற்றி ‘யா’ என முடியுமாறு எழுதப்பட்ட வடிவங்களும் அதே காலத்தில் வழங்கின. இவற்றுள் எதைத் திருப்பிப் படித்தாலும் சொர்க்கம் வருவதில்லை. இவை வெறும் எழுத்துப்பிழைகள், பெற்றோர் கருதியது சொர்க்கத்தையே என்று விடை கூறலாம். எழுத்துகள் இடம் மாறிய வடிவத்திற்கு இவ்விடை ஓரளவு பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் பொருளே தங்கியிருக்கும் எழுத்து வரிசையை இத்தனை பெற்றோர் சரிபார்க்காமல் விட்டனர் என்பதே, அப்பொருள் அவர்களுக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதைக் காட்டுகிறது; ஓசைவழி வடிவங்களுக்கோ இவ்விடை சிறிதும் பொருந்தாது.

இதே முடிவை மற்றொரு சோதனையும் வலியுறுத்துகிறது. ‘ஹெவன்’ என்பதே 1990களிலேயே அமெரிக்கப் பெண்பெயராக வழங்கிவந்தது. பொருள்தான் ஈர்ப்பு எனில், அதை வெளிப்படையாகத் தாங்கிய பெயர் மறைத்துத் தாங்கிய பெயரைவிட மேலோங்கியிருக்கவேண்டும்; அன்றேல் இரண்டும் இணையாகவேனும் உயர்ந்திருக்கவேண்டும். நெவேயா எட்டிய இடத்தின் அருகில்கூட ஹெவன் வந்ததில்லை. மறைவே அழகு என்பதால் நெவேயா வென்றது என்பாரும் உளர். அவ்வாறாயின் தலைகீழாக்கம் என்ற உத்தியே பிற பெயர்களையும் உயர்த்தியிருக்கவேண்டும். ஆக்னஸ் என்பதைத் திருப்பியதாகக் கருதப்படும் ‘செங்கா’ ஸ்காட்லாந்தில் நெடுங்காலமாக வழங்கியும் அங்கிருந்து பெரிதாகப் பரவவில்லை. ஜேம்ஸ் என்பதைத் திருப்பி அமைத்த ‘செமாஜ்’ அமெரிக்காவிலேயே நெவேயாவுக்கு முன்பிருந்தும் அருகிய ஆண்பெயராகவே நின்றது. பொருளும் உத்தியும் தனித்தனியே இருந்த இடங்களில் நிகழாத ஒன்று, அவை சேர்ந்ததால் மட்டும் நிகழ்ந்தது என்பது போதிய விளக்கமாகாது.

இவ்விடத்தில்தான் ஓசைச் சூழல் என்ற கருத்து தேவைப்படுகிறது. ஒரு காலத்தில் பெருகிவரும் பெயர்களிடையே திரும்பத்திரும்ப வரும் ஒலிகளும் அசை அமைப்புகளும் சேர்ந்து, புதிய பெயர்கள் எளிதில் ஏற்கப்படுவதற்கு உருவாக்கும் தளத்தை இத்தொடர் குறிக்கிறது. சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன், 2000இல் வெளியான ‘எ மேட்டர் ஆஃப் டேஸ்ட்’ என்ற நூலில், பெயர் வழக்குகளை மாற்றுவதில் வெளிநிகழ்வுகளைவிட ரசனையின் உள்ளியக்கத்திற்கே பெரும்பங்கு உண்டு என்று வாதிட்டார். ஜோனா பெர்கரும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, அண்மையில் செல்வாக்குப் பெற்ற பெயர்களோடு ஒலியன்களைப் பகிர்ந்துகொள்ளும் பெயர்கள் அடுத்து உயரும் வாய்ப்பு மிகுதி என்பதைப் புள்ளியியல் வழியில் நிறுவியது. நெவேயா பிறந்த சூழலை இவ்வளவையால் நோக்கினால், அதன் ஒவ்வோர் ஒலிக்கூறும் அக்காலத்தில் ஏறுமுகத்தில் இருந்தமை புலனாகும். உயிர்களுக்கிடையே வகர ஒலி வரும் ஒலிவியா 2000களின் தொடக்கத்திலும், ஏவா 2005இலும் முதல் 10 பெயர்களுள் இடம்பெற்றன. அழுத்தம் பெற்ற நடு அசையில் ஏகார நெடிலைக் கொண்ட மக்கேலாவின் பல்வேறு எழுத்துக்கூட்டல்களும், ‘யா’ என முடியும் ஆலியா, மாயா போன்றவையும் அதே ஆண்டுகளில் பெருகின. ஆலியாவும் ஒரு பாடகியால் பரவியதே என்பது இவ்வாதத்தைத் தளர்த்தாது. 1994இல் அப்பாடகியின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தபோது அறிமுகமான அப்பெயர் நிலைத்துநின்றதற்கும், கிஸி நிலைக்காததற்கும் உள்ள வேறுபாட்டை ஓசைச் சூழலே விளக்குகிறது.

அவ்வாறாயின் பொருளுக்கு இப்பெயரின் வரலாற்றில் இடமே இல்லையா என்ற வினா எழும். இடம் உண்டு, அது முந்தைய ஆய்வுகள் காட்டிய இடமன்று. புதிதாக ஆக்கப்பட்ட பெயருக்கு முன்னோர் வழக்கோ மறைநூல் ஆதாரமோ இல்லாததால், அதைக் குழந்தைக்கு இடுவோர் உறவினருக்கும் பிறருக்கும் காரணம் கூற வேண்டியவராகின்றனர். ‘சொர்க்கம் என்பதைத் திருப்பி எழுதியது’ என்ற ஒரு தொடர் அக்காரணத்தை உடனே தந்துவிடுகிறது. செவிக்கு ஏற்கெனவே இனித்த ஓசையைத் தயக்கமின்றித் தேர்ந்தெடுப்பதற்கான ஒப்புதலாகவே பொருள் பயன்பட்டது எனக் கொள்வதே மேற்கண்ட சான்றுகள் அனைத்தோடும் பொருந்துகிறது. ஒவ்வொரு பெற்றோரின் உள்ளத்தையும் பட்டியல் காட்டாது என்பதால், பொருளையே முதற்காரணமாகக் கொண்டு பெயரிட்ட குடும்பங்கள் இல்லை என்று இக்கட்டுரை கூறவில்லை. பெருந்தொகையான தேர்வுகளின் போக்கை அவற்றால் விளக்க இயலாது என்பதே இங்கே நிறுவப்படுவது.

பெயராய்வுக்கு இதனால் கிடைக்கும் முறையியல் பயன் தெளிவானது. பெற்றோர் கூறும் காரணத்தைப் பெயரின் பரவலுக்கான காரணமாக அப்படியே ஏற்பதை விடுத்து, அக்காரணம் உண்மையாயின் எந்த எழுத்துக்கூட்டல்கள் தோன்றக்கூடாதோ அவை தோன்றியுள்ளனவா என்று முதலில் தேடவேண்டும். நெவேயாவைப் பொறுத்தவரை அவை தோன்றியுள்ளன, நிலைத்தும் உள்ளன. ஆகவே இப்பெயரைப் பக்தியின் புதிய வெளிப்பாடு என்றோ தொலைக்காட்சியின் விளைவு என்றோ வகைப்படுத்தும் வழக்கம் கைவிடப்படவேண்டும். ஓசை ரசனையால் பரவி, பொருளால் நியாயம் பெற்ற பெயராகவே அது வைத்து ஆராயப்படவேண்டும்.