பாடு: ஒரு சொல், ஒரு ஏரி

நான் பழவேற்காட்டுக்குப் போனது, 1613-ல டச்சுக்காரர்கள் கட்டின கெல்டிரியா கோட்டை எங்கேன்னு தேடி. திரும்பி வந்தது ஒரே ஒரு சொல்லோட.

படகுத்துறையில ஒரு பெரியவர், "எனக்குப் பாடு இல்ல தம்பி"ன்னார். கஷ்டம் இல்லன்னு சொல்றார்னு நினைச்சு, "நல்லதுதானே ஐயா"ன்னேன். அவர் சிரிச்சார். "அது இல்லாததுதான் என் பாடே!"

அப்புறம்தான் புரிஞ்சுது. இந்த ஏரியில 'பாடு'ன்னா முறை வச்சு மீன் பிடிக்கிற உரிமை. இறால் நிறைய கிடைக்கிற இடங்கள்ல, எந்த நாள் யார் வலை கட்டணும்னு குலுக்கல் போட்டு முடிவு பண்ணுவாங்க. நம்ம பாஷையில சொன்னா, ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங்!

இதே சொல் எல்லை தாண்டினா என்ன ஆகுது பாருங்க. ஏரியோட பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு. தெலுங்கில் 'பாடு'ன்னா பாழானது, கெட்டது. 'பாட்டுப் பாடு'ங்கிற அர்த்தமும் உண்டு. மலையாளத்தில் தழும்பு, 'பாடில்லா'ன்னா கூடாது. கன்னடத்தில் ஒருத்தரோட நிலைமை. சிங்களத்தில் நஷ்டம். இலங்கைத் தமிழ் மீனவர்களுக்கோ 'கரைவலைப் பாடு'ன்னா வலை இழுக்கிற கடற்கரைப் பகுதி. நம்ம செய்தித்தாள்ல வர்ற 'மீன்பாடு', பிடிபட்ட மீன். எழுத்து மாறுது, அர்த்தமும் மாறுது, ஒலி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிக்குது.

துருக்கியில் அலான்யா மீனவர்களும் இதே மாதிரி குலுக்கல் போட்டு, தினமும் இடம் மாத்திக்கிட்டு இருந்தாங்க. பொதுவளங்களை மக்களே நிர்வகிக்க முடியும்னு காட்ட, எலினோர் ஆஸ்ட்ரோம் தன்னோட 1990 புத்தகத்தில் அந்த உதாரணத்தைச் சொன்னார். 2009-ல அவருக்குப் பொருளாதார நோபல் கிடைச்சுது.

ஆனா குலுக்கலில் யார் பேர் இருக்கு? இங்க அந்த உரிமை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மாதிரி ஊர்களில், பட்டினவர் சமூகத்து ஆண்களுக்குப் பரம்பரையா வருது. கையால இறால் தடவிப் பிடிக்கிற இருளர்களுக்கு அதில் இடமில்லை. பாடு உள்ளவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் நடுவில் பல வருஷத் தகராறு.

பட்டியலுக்குள்ள இருக்கிறவங்களுக்கு அது நியாயமான முறைதான். பட்டியலை யார் எழுதினதுங்கிற கேள்வி குலுக்கல்ல வராது. நானும் வேலையில எத்தனையோ ஷெட்யூலர் எழுதியிருக்கேன். உள்ள வராத ஆளைப் பத்தி ஒரு தடவை கூட யோசிச்சதில்ல.

பெரியவர் பழைய வலையை மடிச்சுட்டு, "அவங்க பாட்டுக்குப் பிடிக்கறாங்க, நாங்க எங்க பாட்டைப் பாக்கறோம்"ன்னார். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.