டெலிபோன் விலாசம் பெற்ற வரலாறு

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த லோவெல் என்னும் நூற்பாலை நகரத்தில் 1879-ஆம் ஆண்டு தட்டம்மை பரவியபோது, மோஸஸ் கிரீலி பார்க்கர் என்ற வைத்தியருக்கு நோயாளிகளைப் பற்றிய கவலையோடு டெலிபோனைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. அவ்வூரில் அப்பொழுது இருநூறுக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தார்கள். எக்ஸ்சேஞ்சில் அமர்ந்து இணைப்புக் கொடுக்கும் ஆபரேட்டர்களோ நால்வரே. இன்னாருடன் பேச வேண்டும் என்று பெயரைச் சொல்லிக் கேட்பதே அந்நாளைய வழக்கமாதலால், எந்தப் பெயருக்குப் பலகையில் எந்தத் துளை என்பது அந்த நால்வருக்கே பழக்கமாயிருந்தது. அவர்கள் ஒருசேரப் படுக்கையில் விழுந்துவிட்டால் ஊரே ஊமையாகிவிடும் என்று அஞ்சிய வைத்தியர், ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், புதிதாக வருகிறவர்களும் அன்றைக்கே வேலையைக் கற்றுக்கொள்வார்கள் என்று யோசனை சொன்னார். மனிதர்களை எண்ணால் குறிப்பிடுவதை ஜனங்கள் அவமதிப்பாகக் கருதுவார்களோ என்று நிர்வாகிகள் தயங்கினார்கள். ஜனங்களோ அதன் சௌகரியத்தை உடனே புரிந்துகொண்டார்கள்.

பழக்கமில்லாத ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் காரியம் தடைப்படாமல் நடக்க வேண்டும் என்ற அந்த நல்லெண்ணத்திலிருந்துதான், இன்று நம் ஆபீஸ்களில் நெட்வொர்க் வழியே பேசும் ஐபி போன்களுக்கு விலாசம் வழங்கும் கலை பிறந்தது என்பது என் துணிபு. நெட்வொர்க் அறையில் ரேக்குக்கு முன் நின்றுகொண்டு சுவிட்சுகளை அமைக்கும் இளைஞர்கள் தங்கள் தொழிலை நேற்று முளைத்த தொழிலாக எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கு நீண்ட பரம்பரை உண்டு. அந்தப் பரம்பரையை அறிந்தவர்களுக்குத் தாம் செய்யும் வேலையின் ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கும்.

நம் தேசத்துக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தாமதமாக வந்தது என்று சொல்ல முடியாது. 1882-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் அது திறந்து வைக்கப்பட்டது. கல்கத்தாவில் தொடக்கத்தில் இருந்த சந்தாதாரர்கள் 93 பேர். ஆபரேட்டரே இல்லாமல் யந்திரமே இணைப்புக் கொடுக்கும் முறைக்கு 1891-இல் காப்புரிமை பெற்றவர் கான்ஸஸ் நகரத்தில் பிரேத அடக்கத் தொழில் நடத்திவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர். தம் வாடிக்கையாளர்களின் அழைப்பை ஆபரேட்டர் வேறொருவருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகமே அவரைத் தூண்டியது என்று சொல்வதுண்டு. மறு ஆண்டே இந்தியானா மாகாணத்து லா போர்ட் நகரில் அவருடைய தானியங்கி எக்ஸ்சேஞ்ச் இயங்கத் தொடங்கியது.

ஆபரேட்டர் போனாலும் கம்பி போகவில்லை. பழைய முறையில் எண் என்பது ஒரு ஜோடிக் கம்பியைச் சேர்ந்தது. ஆபீஸில் ஓர் அதிகாரி கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு மாற்றப்பட்டால், அவருடைய எக்ஸ்டென்ஷன் எண்ணும் அவருடன் மாடிக்குப் போக வேண்டுமானால், ஆபீஸின் உள் எக்ஸ்சேஞ்சான இபிஏபிஎக்ஸ் பெட்டிக்கு அருகே சுவரில் பதித்த சட்டத்தில் ஜம்பர் ஒயரை ஓரிடத்திலிருந்து கழற்றி இன்னோரிடத்தில் அழுத்திச் செருக வேண்டும். எந்த ஜோடி எந்த அறைக்குப் போகிறது என்பது பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யும் லைன்மேனின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தைத் தேடி அலைந்த ஆபீஸ்கள் எத்தனையோ!

குரலைக் கம்பியின் பிடியிலிருந்து விடுவிக்கும் முயற்சி 1970-களில் தொடங்கியது. செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் போய்ச் சேர வேண்டிய விலாசத்தை எழுதி அனுப்பும் முறையை அமெரிக்காவில் பால் பேரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் 1960-களிலேயே தனித்தனியே சிந்தித்திருந்தார்கள். 1974 ஆகஸ்டு மாதத்தில் டேனி கோஹன் என்ற விஞ்ஞானியின் முயற்சியால், தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி நிலையத்துக்கும் மாஸசூஸெட்ஸில் உள்ள லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே, இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட் வழியாக, மனிதக் குரல் அவ்வாறே பொட்டலங்களாகப் பிரயாணம் செய்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப், அருகருகே உள்ள கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஈதர்நெட்டைப் பற்றிய முதற்குறிப்பை எழுதியிருந்தார். பின்னாளில் இவ்விரண்டு முயற்சிகளும் ஒவ்வோர் ஆபீஸ் மேசையிலும் வந்து கலக்கும் என்று அன்று எவர் நினைத்திருப்பார்?

ஆரம்ப காலத்து ஈதர்நெட்டில் எல்லா யந்திரங்களும் ஒரே கேபிளைப் பங்கிட்டுக்கொண்டன. இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெட்டுப்போகும், சற்றுப் பொறுத்து மறுபடியும் முயல வேண்டும். கடிதத்துக்கு இது பாதகமில்லை. சம்பாஷணைக்கோ இது விஷம். ஒரு குரலைச் சாதாரணத் தரத்தில் அனுப்புவதற்கு வினாடிக்கு 50 பொட்டலங்கள், ஒன்றுக்கு 20 மில்லி வினாடிப் பேச்சு வீதம், தவறாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனை சேர 150 மில்லி வினாடிக்கு மேல் தாமதமானால் பேசுகிறவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் இடைமறிக்கத் தொடங்குவார்கள். ஆகவே, பொட்டலத்தின் விலாசத்தைப் படித்து உரிய துளைக்கு மட்டும் அதை அனுப்பும் சுவிட்ச் வந்த பிறகே குரலுக்கு ஈதர்நெட்டில் இடம் கிடைத்தது. 1990-ஐ ஒட்டி ஏழு துளைகளோடு சந்தைக்கு வந்த முதல் ஈதர்நெட் சுவிட்சைச் செய்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதை நிறுவிய இருவரில் ஒருவரான, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே அதற்கு இட்டார். 1994-இல் சிஸ்கோ நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

ஒரே சுவிட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பாவிக்கும் வி-லேன் என்ற ஏற்பாட்டின் பூர்வீகமும் குரலோடு சம்பந்தப்பட்டதுதான். அதன் கர்த்தாவான டேவிட் சின்கோஸ்கி 1980-களின் முற்பகுதியில் ஈதர்நெட் வழியாகக் குரலை அனுப்பிச் சோதனை செய்தவர். பிறகு பெல்கோர் நிறுவனத்தில் சேர்ந்து, ஈதர்நெட்டைப் பெரிய அளவுக்கு விஸ்தரிப்பது எப்படி என்று ஆராய்ந்தபோது இந்த ஏற்பாடு உருவாயிற்று. 1998-இல் அது பொது நியமமாக அங்கீகரிக்கப்பட்டது. இன்று போன்களைக் குரலுக்கான ஒரு வி-லேனிலும் கம்ப்யூட்டர்களை இன்னொன்றிலும் வைக்கிறோம் என்றால், அது பாதுகாப்புக்காகவும் முன்னுரிமைக்காகவும் மட்டுமன்று. 254 விலாசங்கள் கொள்ளும் ஒரு வட்டாரத்தில் 200 கம்ப்யூட்டர்கள் ஏற்கெனவே குடியிருக்கும்போது, மேசைக்கு ஒரு போன் வீதம் திடீரென்று இன்னும் 200 பேர் வந்தால் விலாசத்துக்கு எங்கே போவது? பழைய விலாசங்களில் ஒன்றையும் கலைக்காமல் போன்களுக்கென்று புதிய வட்டாரம் ஒன்றைத் திறந்துவிட வி-லேன் வழிசெய்தது.

விலாசத்தை வழங்குவது யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவும் பல ஆண்டுகள் பிடித்தன. 1985-இல் வெளிவந்த பூட்-பி என்ற முறையில், ஒவ்வொரு யந்திரத்தின் பிறவி எண்ணையும், அதாவது அதைச் செய்தவர்களே அதில் பதித்து அனுப்பும் மேக் அட்ரஸையும், அதற்குரிய விலாசத்தையும் நிர்வாகி கையால் பட்டியலிட வேண்டும். ஆயிரம் யந்திரம் இருந்தால் ஆயிரம் வரி. அதில் ஓர் எழுத்துப் பிழைத்தால் ஒரு மேசை மௌனமாகிவிடும். 1993 அக்டோபரில், பென்ஸில்வேனியாவின் பக்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிரோம்ஸ் எழுதி வெளியிட்ட டிஹெச்சிபி இந்தச் சிரமத்தைத் தீர்த்தது. வந்தவருக்கு அறையைக் கொடுத்து, தங்கும் நாளைக் குறித்துக்கொண்டு, போனபின் அதே அறையை அடுத்தவருக்குக் கொடுக்கும் சத்திரத்து மணியக்காரரைப் போல, அது விலாசத்தைத் தவணைக்கு வழங்கித் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

டல்லாஸ் நகரத்து செல்சியஸ் என்ற சிறு நிறுவனம் ஈதர்நெட்டில் நேரே செருகக்கூடிய போனைச் செய்ததும், 1998-இல் சிஸ்கோ அதையும் வாங்கிக்கொண்டதும், இந்தப் போன்கள் ஆபீஸ்களுக்குள் பெருவாரியாக நுழைவதற்கு வழி திறந்தன. ஆயினும் ஒரு குறை எஞ்சியது. பழைய டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பாட்டரியிலிருந்து கம்பி வழியாகவே மின்சாரம் வந்ததால், ஊரில் விளக்கு அணைந்தாலும் அது பேசியது. புதிய போனுக்கோ மேசையடியில் தனி அடாப்டர் வேண்டியிருந்தது. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றது. சுவிட்சே நெட்வொர்க் கேபிள் வழியாக மின்சாரத்தையும் அனுப்பும் முறை 2003-இல் நியமமாயிற்று. துளைக்கு 15.4 வாட் என்று அதில் வரையறுத்தார்கள். மின்னழுத்தமோ அதே பழைய 48 வோல்ட்டை ஒட்டியதாகவே அமைந்தது.

இத்தனை பேருடைய உழைப்பும் ஒரு போனைச் செருகும் அந்த ஒரு நிமிஷத்தில் வரிசையாக வந்து நிற்பதைக் காணலாம். கேபிளைச் செருகியவுடன் சுவிட்ச் முழு மின்சாரத்தையும் அனுப்பிவிடுவதில்லை. முதலில் சிறிதளவு அழுத்தத்தைக் கொடுத்து, மறுமுனையில் சுமார் 25,000 ஓம் தடை தென்படுகிறதா என்று பரீட்சிக்கிறது. தென்பட்டால், இது மின்சாரம் கேட்கும் கருவி என்று தெளிந்து வழங்குகிறது. இல்லாவிட்டால், யாரோ லேப்டாப்பைச் செருகியிருக்கிறார்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறது. போன் விழித்தெழுந்ததும், குரலுக்கான வி-லேன் எண் இன்னது என்று சுவிட்ச் அதற்கு அறிவிக்கிறது. போன் அந்த வி-லேனுக்குள் புகுந்து, எனக்கு விலாசம் தருவார் உண்டா என்று பொதுவாகக் குரல் கொடுக்கிறது. சர்வர் ஒரு விலாசத்தை முன்வைக்கிறது. போன் அதையே கோருகிறது. சர்வர் உறுதி செய்கிறது. விலாசத்தோடு கூடவே, உன் அமைப்புக் கோப்பு இருக்கும் சர்வர் இன்னது என்ற தகவலும் வருகிறது. அங்கே சென்று போன் தன் மேக் அட்ரஸைப் பெயராகக் கொண்ட கோப்பைக் கேட்டு வாங்குகிறது. சிஸ்கோ போன்களில் அந்தக் கோப்பின் பெயர் எஸ், இ, பி என்ற மூன்று எழுத்துக்களோடு தொடங்குவது, செல்சியஸ் ஈதர்நெட் போன் என்ற பழைய பெயரின் எச்சம். கடைசியில் திரையில் எக்ஸ்டென்ஷன் எண் மலர்கிறது.

இந்த வரிசையில் எங்கே தடைப்பட்டது என்று கண்டுகொள்வதே இத்தொழிலில் பாதி வித்தை. திரை இருண்டிருந்தால் மின்சாரம். விலாசத்தைத் தேடிக்கொண்டே நின்றால், டிஹெச்சிபி சர்வர் வேறு நெட்வொர்க்கில் இருந்து, கோரிக்கையை அங்கே அனுப்பிவைக்கும் ஹெல்ப்பர் அட்ரஸை ரௌட்டரில் எழுதாமல் விட்டுப்போயிருக்கலாம். கம்ப்யூட்டர் வட்டாரத்து விலாசம் வந்து உட்கார்ந்திருந்தால் வி-லேன் அறிவிப்புப் போய்ச் சேரவில்லை. போனுக்குள்ளேயே ஒரு சிறு சுவிட்ச் உண்டு. ஒரு துளை சுவருக்கு, மற்றொன்று கம்ப்யூட்டருக்கு. மேசையை இடம் மாற்றுகிறவர் அறியாமல் இரண்டு துளைகளையுமே சுவரில் செருகிவிட்டால், பொட்டலங்கள் வட்டமிட்டு வட்டமிட்டுப் பெருகி ஆபீஸ் முழுவதையும் முடக்கிவிடும். இந்த ஆபத்திலிருந்து நம்மைக் காப்பது, ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் பணிபுரிந்தபோது 1985-இல் வெளியிட்ட ஸ்பானிங் ட்ரீ என்ற முறை. வேகமாக இணைப்புக் கிடைக்க வேண்டும் என்ற அவசரத்தில் அதை நிறுத்தி வைக்கிறவர்களுடைய துணிச்சலை நான் ஒருபோதும் மெச்ச மாட்டேன்.

நம் நாட்டில் இந்தப் போன்கள் பரவுவதற்குச் சட்டமும் ஒரு தடையாக இருந்தது. கம்பெனியின் சொந்த நெட்வொர்க்கில் போகும் அழைப்பும் பொது டெலிபோனில் வரும் அழைப்பும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, அவற்றைத் தர்க்க ரீதியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்ற விதியின்படி, அமைப்பாளர்கள் ஒவ்வொரு கிளைக்கும் நுணுக்கமான வேலிகள் போட வேண்டியிருந்தது. கால் சென்டர்களைப் பொறுத்தமட்டில் இவ்விதிகள் 2021 ஜூன் மாதத்தில் பெரிதும் தளர்த்தப்பட்டன.

கம்பியை விட்டு எண் விடுதலை பெற்றது பெரிய லாபம். அதனால் ஒரு நஷ்டமும் நேர்ந்தது; அவசர அழைப்புச் சட்டங்களின் கதையில் அது விளங்கும். 2013-ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாகாணத்து மார்ஷல் நகரில் ஓர் ஓட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது, ஒன்பது வயது மகள் அவசர உதவிக்கான 911 என்ற எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். வெளி அழைப்புக்கு முதலில் 9 என்ற எண்ணை அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை. தாய் உயிரிழந்தாள். அத்தாயின் பெயராலேயே 2018-இல் காரி சட்டம் நிறைவேறி, முன்னெண் இல்லாமலே அவசர அழைப்பு வெளிச்செல்ல வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட இன்னொரு சட்டம், அழைப்பு எந்தத் தளத்தில், எந்த அறையிலிருந்து வருகிறது என்பதும் கூடவே போய்ச் சேர வேண்டும் என்றது. இங்கேதான் அந்த நஷ்டம் தெரிகிறது: தவணைக்கு வாங்கிய விலாசத்தைப் பார்த்து ஆளிருக்கும் அறையைச் சொல்ல முடியாது. சுவிட்சின் எந்தத் துளை எந்தச் சுவருக்குப் போகிறது என்று எவரேனும் எழுதி வைத்திருந்தால்தான் சொல்ல முடியும்.

ஆதலால் ஆபீஸ்களில் இந்த வேலையை ஏற்றிருக்கும் இளைஞர்களிடம் என் வேண்டுகோள் இது: சுவிட்சை அமைத்து முடித்த அன்றைக்கே, துளை எண்ணுக்கு எதிரே தளத்தையும் அறையையும் எழுதுங்கள், பேட்ச் பேனலில் லேபிள் ஒட்டுங்கள், போனை இடம் மாற்றும்போதெல்லாம் அந்தப் பதிவையும் மாற்றுங்கள். நம் நாட்டின் அவசர உதவி எண்ணான 112-ஐ ஒவ்வொரு போனிலிருந்தும் முன்னெண் ஏதுமில்லாமல் அழைக்க முடிகிறதா என்று, உரியவர்களுக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, நீங்களே ஒருமுறை பரீட்சித்துப் பாருங்கள்.