வேப்பெண்ணெயும் மியூனிக் வழக்கும்



பழமரங்களைப் பற்றும் நோய்களுட் பல, பங்கசு எனப்படும் பூஞ்சண இனத்தால் விளைவன. மாம்பூவின்மீது வெண்ணீறு தூவினாற்போற் படிந்து பிஞ்சை உதிரச் செய்யும் சாம்பனோயும், வாழைப்பழத்தின் தோலிற் கரும்புள்ளியாகத் தோன்றிப் பழத்தை அழுகச் செய்யும் நோயும், முந்திரிகைக் கொடியை வாட்டும் நோய்களும் அவ்வினத்தனவே. இந்நோய்களைச் செடிகொடிகளின் சாற்றையும் எண்ணெயையும் கொண்டே தடுக்கும் முயற்சிக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நீதிமன்றத்தை ஒத்த ஒரு மன்றிலே நிகழ்ந்தது. அதனையே இன்று சிறப்பாக எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

கி. பி. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தமது பிருகத் சங்கிதையில் மரங்களின் நோய்க்கென ஓர் அத்தியாயத்தில் இடம் அளித்தார். குளிர், காற்று, வெயில் ஆகியவற்றின் மிகுதியால் மரம் நோயுறும் என்பது அவர் கருத்து. நோயுற்ற பகுதியைக் கத்தியால் நீக்கி, வாய்விளங்கத்தை நெய்யோடும் சேற்றோடும் குழைத்துப் பூசி, பால் கலந்த நீரைத் தெளிக்குமாறு அவர் விதித்தார். பின்னர் எழுந்த சுரபாலரின் விருட்சாயுர்வேதம் இத்துறையை மேலும் விரித்துரைத்தது. அதன் ஏட்டுச் சுவடி ஒன்று ஒக்ஸ்போர்ட் நகரத்துப் பொட்லியன் நூலகத்திலே கிடந்தது. அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1996ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பங்கசு என்றோர் உயிர் உண்டென்பதை இவ்வாசிரியர்கள் அறிந்திலர். ஆயினும், மனிதனுக்கு மருந்தாகும் மூலிகை மரத்துக்கும் மருந்தாகலாம் என்னும் எண்ணம் அவர்களிடம் வேரூன்றியிருந்தது.

மேனாட்டிலும் இவ்வெண்ணம் இல்லாமற் போகவில்லை. இங்கிலாந்து அரசரின் தோட்டத்தலைவராயிருந்த வில்லியம் போர்சித் என்பார், 1802ஆம் ஆண்டில் பழமர வளர்ப்புப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மரங்களிற் படியும் பூஞ்சணத்துக்கு அவர் கூறிய மருந்து, புகையிலை, கந்தகம், நீறாத சுண்ணாம்பு, எல்டர் என்னும் செடியின் மொட்டு ஆகியவற்றின்மீது கொதிநீர் வார்த்துப் பெறுவதாகும். இக்கலவையிற் செடிப்பொருள் இரண்டும் தாதுப்பொருள் இரண்டும் அருகருகே நின்றன. பின்வந்த நூற்றாண்டு தாதுப்பொருளையே தேர்ந்துகொண்டது. 1845ஆம் ஆண்டில் மார்கேட் என்னும் ஊரிலே டக்கர் என்ற தோட்டக்காரர் முந்திரிகையிற் சாம்பனோயைக் கண்டார். அது விரைவிற் பிரான்சுக்கும் பரவி மதுத்தொழிலை நிலைகுலையச் செய்தது. அதற்குக் கந்தகமே கைகொடுத்தது. அடுத்து வேறொரு பூஞ்சணநோய் வந்தது. மெடோக் நாட்டுப்புறத்தில், வழிப்போக்கர் பழங்களைத் திருடாதிருக்கும் பொருட்டுச் சாலையோரக் கொடிகளுக்குத் துருசும் சுண்ணாம்பும் பூசும் வழக்கம் இருந்தது. அக்கொடிகள் நோயின்றித் தழைத்திருத்தலை 1882ஆம் ஆண்டிலே மிலார்டே என்னும் பேராசிரியர் கண்டார். 1885இல் அவர் வெளியிட்ட போர்தோக் கலவை உலகெங்கும் பரவிற்று. செடிச்சாறுகள் பின்தள்ளப்பட்டன.

எனினும் செடியிடத்தே தற்காப்பு ஆற்றல் உண்டு என்பது நாளடைவில் விளங்கலாயிற்று. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ஆய்வாளர் வோக்கரும் அவர்தம் துணைவரும் வெங்காயத்தை ஆராய்ந்தனர். வெள்ளை வெங்காயத்தைப் பற்றும் ஒரு பங்கசு, நிறமுள்ள வெங்காயத்தைப் பற்றாததன் காரணம் யாது என்பது அவர்கள் வினா. நிறமுள்ள வெங்காயத்தின் காய்ந்த புறத்தோலிலிருந்து நீரிற் கரைந்து வரும் ஒருவகை அமிலமே அப்பங்கசின் வித்திகளை முளைக்கவொட்டாமற் செய்கின்றது என 1929ஆம் ஆண்டளவில் அவர்கள் காட்டினர். செடி தன்னைக் காக்கத் தானே ஆக்கிய பொருளைப் பிறிதொரு செடிக்கும் உதவச் செய்யலாம் என்னும் பழைய எண்ணத்துக்கு இவ்வாறு அறிவியல் துணை கிடைத்தது.

இனி வழக்கிற்கு வருவோம். வேம்பு நம்மவர்க்குப் புதியதன்று. வேப்பந்தழையையும் வேப்பம் பிண்ணாக்கையும் நிலத்துக்கு இடுதல் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நெடுங்காலமாக அறிந்த வழக்கம். தென்னாசியாவின் பல பாகங்களிலும் வேப்பெண்ணெய் பயிர்க்காப்புக்குப் பயன்பட்டது. இந்நிலையில், அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்னும் நிறுவனமும், செடிகளிற் பங்கசுக்களை வேப்பெண்ணெயால் ஒடுக்கும் முறைக்கு ஐரோப்பாவிலே காப்புரிமை கோரின. 1994ஆம் ஆண்டில் அது வழங்கப்பட்டது. நீரில் ஒட்டாத கரைப்பானாற் பிரித்தெடுத்த எண்ணெய் நூற்றுக்கு 0.1 முதல் 10 பங்கு வரையும், அதனை நீரோடு கலக்கச் செய்யும் பொருள் சிறிதளவும் கொண்ட கலவை என்று அக்காப்புரிமை வரையறுத்தது.

மறு ஆண்டில் மூவர் எதிர்த்தெழுந்தனர். ஒருவர் இந்தியாவைச் சேர்ந்த வந்தனா சிவா. மற்றொருவர் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த பெல்ஜிய நாட்டு மக்தா ஆல்வோட். மூன்றாமவர் இயற்கை வேளாண்மை இயக்கங்களின் சர்வதேச கூட்டமைப்பு. ஐரோப்பியச் சட்டத்தின்படி, விண்ணப்பத்துக்கு முன்னரே எழுத்தாலோ, பேச்சாலோ, பயன்பாட்டாலோ உலகின் எப்பாகத்திலேனும் பொதுமக்கள் அறியக் கிடந்த ஒன்று புதியதாகாது. பயன்பாடும் சான்றாகும் என்பது எதிர்த்தோர்க்கு வாய்ப்பாயிற்று. ஆனால் 'எங்கள் முன்னோர் செய்தனர்' என்று கூறுதல் மாத்திரம் சான்றாகாது. எந்த ஆண்டில், எவ்விடத்தில், எப்பொருளை, எம்முறையிற் பயன்படுத்தினர் என நிறுவல் வேண்டும். இந்தியத் தொழிற்சாலையொன்றை நடத்திய ஒருவர், 1980களின் நடுப்பகுதியிலே மகாராட்டிர மாநிலத்துக் கமக்காரர் நிலங்களில் வேப்பஞ்சாரத்தைப் பரிசோதித்தமை பற்றி மியூனிக் நகரிலே சாட்சியம் அளித்தார். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அவ்வுரிமையை நீக்கியது. மேல்முறையீடும் 2005ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் தள்ளப்பட்டது. எதிர்ப்புத் தொடங்கிய நாளிலிருந்து ஏறக்குறையப் பத்தாண்டுகள் சென்றன.

இதே காலத்தில் அமெரிக்கச் சட்டம் வேறாயிருந்தது. பிறநாட்டில் ஒரு முறை வழக்கிலிருந்தது என்பது அங்கே போதாது. அது அச்சிட்ட நூலிலோ இதழிலோ வந்திருத்தல் வேண்டும். 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலிருந்தே இந்நிலை மாறிற்று. மஞ்சளைப் புண்ணுக்கு மருந்தாக்குவதற்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அளிக்கப்பட்ட காப்புரிமையை, இந்திய அறிவியல் தொழிலாராய்ச்சிக் கழகத்தார் அச்சிட்ட சான்றுகளைக் காட்டியே 1997இல் நீக்கச் செய்தனர். நம் பாட்டிமார் யாவரும் அறிந்த ஒன்றை, ஓர் இதழின் பக்கம் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. எழுதாத அறிவு பிறர் கைக்குப் போகும் ஆபத்து உண்டென்பதை இவ்விரு வழக்குகளும் காட்டின.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கறுவா நமது பழம்பெரும் செல்வம். அதன் பட்டையெண்ணெயில் சினமல்டிகைட்டும், இலையெண்ணெயிலும் கராம்பெண்ணெயிலும் இயூசினோலும் மிகுதியாக உள்ளன. இவ்வெண்ணெய்கள், வாழைக்குலையின் சீப்பு வெட்டிய இடத்தில் தொடங்கும் அழுகலையும், பழத்தோலின் கரும்புள்ளி நோயையும் விளைக்கும் பங்கசுக்களை ஆய்வுகூடத்தில் ஒடுக்குகின்றன என இலங்கை ஆய்வாளர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முறையாகப் பரிசோதித்து, அளவு குறித்து, அச்சேற்றிய அறிவு இது.

இதனாற் செடிச்சாறுகள் எல்லாம் குறையற்றவை என்று எண்ணுதல் ஆகாது. அவை பெரும்பாலும் நோய் வருமுன் தடுப்பனவேயன்றி, முற்றிய நோயை மாற்றுவன அல்ல. மழை அவற்றைக் கழுவிவிடும். வெயில் அவற்றின் வீரியத்தைக் கெடுக்கும். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் சத்து வேறுபடும். எண்ணெய் மிகுந்தால் கடும் வெயிலில் இலை கருகும். ஆதலின், எவ்வளவு, எப்பொழுது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்னும் கணக்கு இன்றியமையாதது. அக்கணக்கு முன்னோர் கையிலும் கண்ணிலும் இருந்தது. ஏட்டில் ஏறியது சிறுபகுதியே.

எஞ்சிய பகுதியை ஏட்டில் ஏற்றுதல் பெருஞ்செலவு வேண்டும் பணியன்று. ஒவ்வோர் ஊரிலும் தோட்டஞ்செய்து முதிர்ந்தோர் இருக்கின்றனர். மேல்வகுப்பு மாணவர் ஒரு கொப்பியுடன் அவர்களிடம் சென்று, எந்த மரத்துக்கு எந்த நோய் வந்தது, எந்தச் செடியின் எப்பாகத்தை எவ்வளவு நீரிற் கலந்தனர், எந்த மாதத்தில் தெளித்தனர், பலித்ததா பலிக்கவில்லையா என்று கேட்டு, ஊரும் நாளும் குறித்து எழுதுவாராயின் அது நல்லதொரு தொடக்கமாகும். பலிக்காதவற்றையும் எழுதுதல் வேண்டும். ஆய்வாளருக்கு அவையும் பயன்படும். இவ்வேலையை அடுத்த விடுமுறையிலேயே தொடங்கலாம். சொல்லத்தக்கோர் நம்மிடையே இருக்கும்போதே தொடங்குதல் நலம்.