புரள்வு

கொழும்புப் பங்குச் சந்தைச் செய்தியில் ‘இன்றைய மொத்தப் புரள்வு இத்தனை மில்லியன் ரூபாய்’ என்று வரும். தமிழ்நாட்டில் விற்றுமுதல் என்பதை இலங்கைக் கணக்கீட்டுப் பாடம் புரள்வு என்கிறது. வேர், புரள்: உருளுதல், திரும்புதல். காலபோக நெல் விற்ற கையோடு கிளிநொச்சிக் கடைவீதியில் ‘இப்ப சனத்திட்டைக் காசு புரளுது’ என்பார்களே, அதே புரளல்தான். பிறவினை புரட்டு. காசைப் புரட்டுவதென்றால் எப்பாடுபட்டாவது திரட்டுவது. ‘வெறும் புரட்டு’ என்றால் மோசடி.

சந்தையில் புரள்வு ரூபாய்க் கணக்கு, ‘அளவு’ என்பது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை. ஒரு ரூபாய்ப் பங்கு பத்து இலட்சம் கைமாறினாலும் புரள்வு பத்து இலட்சம் ரூபாய்தான். பங்கு விலைச் சுட்டெண்ணோடு அளவும் கூடினால் ஏற்றத்துக்கு வலு உண்டு என்று கொள்வர். ஏற்ற நாளின் அளவைக் கூட்டி, இறக்க நாளினதைக் கழித்துச் செல்லும் குறிகாட்டியை 1963இல் தம் நூலால் பரப்பியவர் ஜோசப் கிரான்வில். கொழும்பில் அதை அப்படியே நம்பி வாங்க எனக்குத் துணிவு வராது. பெருமுதலீட்டாளர் இருவர் முன்பே விலை பேசி ஒரே தொகுதியாகக் கைமாற்றும் ‘குரொசிங்’ ஒன்றே அன்றைய அளவையும் புரள்வையும் ஊதிப் பெருக்கிவிடும். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேணும்.