எரிந்த கடையும் ஊர்க்காரர் காத்த கடையும்



1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டதை அமெரிக்காவில் பிறந்த எங்கள் பிள்ளைகளும் அறிவார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் அந்த நெருப்பில் போயின. ஆண்டுதோறும் அதை நினைவுகூருகிறோம். ஆனால் அந்த நாட்களில் யாழ் நகரில் எரிந்த வேறு இரண்டு இடங்களைப் பற்றி நாம் அதிகம் கதைப்பதில்லை. ஒன்று ஈழநாடு பத்திரிகை அலுவலகம். மற்றது பூபாலசிங்கம் புத்தகசாலை. இந்த மாதம் அந்தக் கடையில் தொடங்கி, நாங்கள் இப்போது குடியிருக்கும் ரெக்சாஸ் வரைக்கும் வரலாம் என்று நினைக்கிறேன்.

நூலகம் பொதுச் சொத்து. 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறிய வாசிகசாலைதான் பின்னர் ஊர்ப் பெரியவர்களின் முயற்சியால் வளர்ந்து, 1959இல் அழகான கட்டடத்தில் குடிபுகுந்தது. அது எரிந்தபோது உலகம் கண்ணீர் விட்டது. நன்கொடைகள் வந்தன. பின்னாளில் அரச பணத்தில் மீளவும் கட்டப்பட்டது. ஒரு புத்தகக்கடை எரிந்தால் அப்படி யாரும் வருவதில்லை. அது ஒரு குடும்பத்தின் முதல். அந்தக் கடை மறுபடி எழுந்து, இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பெயர் சொல்ல நிற்கிறதென்றால், அதற்குக் காரணம் அந்தக் குடும்பத்தின் பிடிவாதமும், காசு கொடுத்து வாங்க வந்த வாசகர்களுந்தான்.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்குப் புத்தகக்கடை என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடம் விட்டு பஸ்சுக்கு நிற்கும் நேரத்தில் கடைவாசலில் எட்டிப்பார்த்து, "அண்ணை, புதுசா என்ன வந்திருக்கு?" என்று கேட்ட தலைமுறை நாங்கள். அதுவரை கடையில் தொங்கியவை பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகள். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் அவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. பலருக்கு அது கோபம். ஆனால் காலியான தட்டுகளில் எங்கள் நாட்டு எழுத்தாளர்கள் இடம்பிடித்தார்கள். வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. அ. பாலமனோகரனின் நிலக்கிளி, செங்கை ஆழியானின் வாடைக்காற்று எல்லாம் அப்படி வந்தவைதான். வன்னிக் காட்டையும் நெடுந்தீவுக் கடலையும் அச்செழுத்தில் கண்டபோது எங்களுக்கு வந்த பெருமை, வேறு எந்தப் புத்தகமும் தராதது. 1966இல் தொடங்கிய மல்லிகை இதழை டொமினிக் ஜீவா தன் கையாலேயே கொண்டு திரிந்து விற்றதும் அந்தக் காலத்தில்தான்.

இனி ரெக்சாசுக்கு வருவோம்.

ஒஸ்ரின் நகரில் ஆறாம் தெருவும் லமார் வீதியும் சந்திக்கும் இடத்தில் புக்பீப்பிள் என்ற பெரிய புத்தகக்கடை இருக்கிறது. 1970இல் பல்கலைக்கழகத்தின் அருகே குரொக் புக்ஸ் என்ற பெயரில் சிறிதாகத் தொடங்கிய கடை அது. 2002இல் அதற்கு நேர் எதிரே போடர்ஸ் என்ற நாடளாவிய பெரும் கொம்பனி கிளை திறக்க ஏற்பாடாகியது. அந்தக் கட்டடத் திட்டத்துக்கு நகரசபை ஊக்கத்தொகை கொடுக்கவும் இருந்தது. அதாவது உள்ளூர்க் கடைக்காரரின் வரிப்பணமும் சேர்ந்துதான் அவருடைய போட்டியாளருக்குப் போகவிருந்தது.

கடைக்காரர்கள் அழுது முறையிடவில்லை. கணக்கோடு போனார்கள். சிவிக் எக்கொனமிக்ஸ் என்ற நிறுவனம் செய்த ஆய்வு அந்த டிசம்பரில் வெளிவந்தது. வாடிக்கையாளர் போடர்சில் 100 டொலர் செலவழித்தால் ஏறத்தாழ 13 டொலர் ஊருக்குள் தங்கும். உள்ளூர்க் கடையில் செலவழித்தால் 45 டொலர் தங்கும் என்றது அது. காரணம் எளிது. உள்ளூர்க் கடையின் கணக்காளர், பெயர்ப்பலகை எழுதுபவர், முதலாளி எல்லோரும் அதே ஊரில் சம்பளம் வாங்கி அதே ஊரில் செலவழிப்பவர்கள். பெரும் கொம்பனியின் கணக்குவழக்கும் இலாபமும் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். ஆய்வைச் செய்வித்தவர்கள் உள்ளூர்க் கடைகளின் பக்கம் நின்றவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள ஆய்வாளர் தேவையில்லை. சங்கக்கடை நடத்திய ஊரவர்களுக்கு அது தெரிந்த விசயந்தான். 2003இல் போடர்ஸ் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 2011இல் அந்தக் கொம்பனியே வங்குரோத்தாகி நாடு முழுவதும் மூடப்பட்டது. புக்பீப்பிள் நிற்கிறது.

அந்தப் போராட்டத்தில் ஊரெல்லாம் ஒட்டப்பட்ட சுலோகம் 'கீப் ஒஸ்ரின் வியர்ட்' என்பது. ஒஸ்ரின் தன் தனிக்குணத்தை இழக்காமல் இருக்கட்டும் என்று பொருள் கொள்ளலாம். அது பிறந்த இடம் எங்களைப் போன்ற ஒரு சமூக வானொலி. 2000ஆம் ஆண்டில் கூப் என்ற வானொலிக்கு நன்கொடை கொடுக்கத் தொலைபேசி எடுத்த ரெட் வசனிச் என்ற நூலகர், ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டபோது சொன்ன பதில்தான் பின்னர் நகரின் அடையாளமாகியது. புக்பீப்பிளும் பக்கத்து இசைத்தட்டுக் கடையான வாட்டர்லூ ரெக்கோர்ட்சும் அதை ஒட்டிகளில் அச்சடித்து வாடிக்கையாளருக்குக் கொடுத்தன.

ஹூஸ்ரன் நேயர்களுக்கும் ஒரு கதை உண்டு. பிராசொஸ் புத்தகக்கடையை கார்ல் கிலியன் 1974இல் தொடங்கினார். 2006இல் அவர் வேறு பொறுப்புக்குப் போனபோது கடை மூடப்படும் என்ற பயம் வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு அதை வாங்கினார்கள். நாங்கள் ஊரில் சனசமூக நிலையத்துக்குச் செய்ததைத்தான் அவர்கள் கடைக்குச் செய்தார்கள்.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். எதற்கென்றால், இந்தக் கடைகளின் புதுப்புத்தக மேசையில் இப்போது எங்கள் கதையும் இருக்கிறது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த வி. வி. கணேசானந்தன் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்' 2023இல் வந்தது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் தொடங்கும் கதை. 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை அது வென்றது. அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்' 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ் வாசிக்கச் சிரமப்படும் எங்கள் பிள்ளைகளுக்கு, தாத்தா பாட்டியின் ஊரைக் காட்டும் கதவுகள் இவை.

கடை நடக்கும் முறையை அறிந்தால் எங்கள் பங்கு விளங்கும். இந்நாட்டில் புதுப்புத்தகங்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் வெளிவரும். விற்காத பிரதிகளைக் கடை பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பலாம். ஆகவே முதற் சில வாரங்களில் யாரும் கேட்காத புத்தகம் மேசையை விட்டுப் போய்விடும். வெளிவருமுன் செய்யும் முன்பதிவுகளும் முதல் வார விற்பனையில் சேரும். பத்துக் குடும்பங்கள் ஒரே கடையில் போய்க் கேட்டால், அடுத்த தமிழ் எழுத்தாளரின் நூலையும் வரவழைக்கக் கடைக்காரருக்குத் துணிவு வரும்.

தமிழ் நூல்களின் நிலை வேறு. எங்களிடம் வெளியீட்டு விழா என்ற நல்ல வழக்கம் உண்டு. முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று கடித உறையில் காசு வைத்துக் கொடுப்போம், அச்சுக்கூலி வந்துவிடும். விழா முடிந்தபின் மீதிப் பிரதிகள் எழுத்தாளரின் வீட்டுக் கராஜில் தூசி பிடிக்கின்றன. கௌரவத்துக்கு வாங்கினோம், வாசிக்க வாங்கவில்லை. 2005 முதல் நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கிக் காத்துவருவது பெரும் தொண்டு. ஆனால் அது பழையதைக் காக்கும். புதியதை எழுதுபவருக்கு வாசகர் வேண்டும்.

அதனால் நேயர்களிடம் மூன்று வேண்டுகோள். பிறந்தநாள் அன்பளிப்பாக ஆண்டுக்கு ஒரு புத்தகமாவது உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். வாங்கும்போது எங்கள் எழுத்தாளர் ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். மூன்றாவது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நெருப்பு எங்கள் கையில் இருக்கவில்லை. ஆனால் வாங்க ஆளில்லாமல் ஒரு கடை மூடப்படுவதும் மூடப்படாததும் எங்கள் கையில் இருக்கிறது.

அடுத்த மாதம் வேறொரு பேச்சோடு சந்திப்போம்.