கோழித் தீனியில் கலந்த அருமருந்து

இறைச்சியில் மருந்து கலந்திருக்கிறதா என்று வாசகர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. மருந்தின் எச்சம் ஒரு பிரச்சினைதான். ஆனால் அம்மருந்துக்கு அடங்காத கிருமி அதனினும் பெரிய பிரச்சினை. அக்கிருமி பண்ணைகளில் உருவான வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில் தோமஸ் ஜூக்ஸ், றொபேட் ஸ்ரொக்ஸ்ராட் ஆகிய இருவரும் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவான விற்றமின் பீ12 தேடிக்கொண்டிருந்தனர். ஓரியோமைசின் தயாரிப்பில் எஞ்சிய சக்கையைத் தீனியில் கலந்தபோது குஞ்சுகள் எதிர்பார்த்ததிலும் விரைவாகப் பருத்தன. சக்கையில் தங்கியிருந்த மருந்தே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1950 ஏப்ரலில் நியூயோர்க் ரைம்ஸ் இதனை முதற்பக்கத்தில் வெளியிட்டது. நோயற்ற விலங்குக்கு நாள்தோறும் சிறிதளவு மருந்து கொடுக்கும் வழக்கம் இவ்வாறே பரவியது.

அந்தச் 'சிறிதளவு' தான் ஆபத்தானது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், போதிய அளவில் கொடுக்கப்படாத மருந்து கிருமியைக் கொல்லாது, பழக்கிவிடும் என்று 1945இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்திருந்தார்.

1960களின் நடுப்பகுதியில் பிரித்தானியக் கன்றுகளிடையே சல்மொனெல்லா நோய் பரவியது. லண்டன் கொலிண்டேல் ஆய்வுகூடத்தின் ஈ. எஸ். அண்டர்சன் அக்கிருமிகளை ஆராய்ந்தார். அவை பல மருந்துகளுக்கு ஒருங்கே எதிர்ப்புப் பெற்றிருந்தன. மனிதரையும் தொற்றின. அந்த எதிர்ப்பைப் பிற கிருமிகளுக்குக் கையளிக்கவும் வல்லனவாயிருந்தன.

அரசு மைக்கல் ஸ்வான் தலைமையில் குழு அமைத்தது. பின்னாளில் பிபிசியின் தலைவரானவரும் இவரே. 1969இல் வெளிவந்த அறிக்கை, மனிதருக்குச் சிகிச்சையளிக்கும் மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீனியில் கலக்கலாகாது என்றது. பெனிசிலினும் ரெட்ராசைக்கிளினும் அவ்வாறு விலக்கப்பட்டன. எனினும் மிருக வைத்தியரின் சீட்டுடன் அவற்றைப் பெறும் வழி திறந்தே இருந்தது.

மற்றொரு ஓட்டையும் இருந்தது. அவோபார்சின் என்னும் மருந்து மனிதருக்குக் கொடுக்கப்படுவதில்லை; ஆதலால் தீனியில் கலக்க அனுமதி கிடைத்தது. ஆனால் அது, வைத்தியசாலைகளில் இறுதி நம்பிக்கையாக விளங்கிய வன்கோமைசினின் நெருங்கிய உறவு. ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் அடங்கவில்லை. 1995இல் டென்மார்க்கும், 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் அவோபார்சினைத் தடைசெய்தன. அக்காலத்தில் விசர்ப்பசு நோய் எங்கள் வெளிநாட்டுச் செய்திப் பக்கங்களை நிரப்பியிருந்தது. இத்தடைக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை.

வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீனியில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முற்றாக நிறுத்தியது 2006 ஜனவரியில். சுவீடன் 1986இலேயே இதனைச் செய்துகாட்டியிருந்தது. அமெரிக்காவில் மனிதருக்கு முக்கியமான மருந்துகளுக்கு 2017இல்தான் இத்தடை வந்தது. அதற்குள் வேறொரு இறுதி மருந்தான கொலிஸ்ரினை வெல்லும் மரபணு சீனப் பன்றிகளில் காணப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது.

நன்றாக வேகவைத்தால் இறைச்சியிலுள்ள கிருமி சாகும். ஆனால் பண்ணைத் தொழிலாளியின் கைவழியாகவும் எருவின் வழியாகவும் நீரின் வழியாகவும் வெளியேறிய கிருமியை எந்தச் சமையலறையும் தடுக்காது. இறைச்சியே உண்ணாதவரின் பிள்ளைக்கும் ஒருநாள் அதே மருந்து தேவைப்படலாம். ஸ்வான் அறிக்கைக்கும் ஐரோப்பியத் தடைக்கும் இடையில் கழிந்தவை 36 ஆண்டுகள். கிருமிகளுக்கு அது எத்தனை எத்தனை தலைமுறை!